பிள்ளை வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறாள்: பயப்படுவதா, அனுப்புவதா?

இந்த மாதப் பாடம்



நான்கு மாதங்களுக்கு முன் நடந்த கூட்டமைப்புக் கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வரவு செலவு வாசித்து முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு குழுவின் பிரதிநிதி எழுந்து, "எங்க குழு உறுப்பினர் ஒருத்தருக்கு 70,000 ரூபா கடன் வேணும். அவங்க மக ஹோட்டல் மேனேஜ்மென்ட் மூணாவது வருஷம் படிக்குது. மலேசியாவுல ஆறு மாசம் ட்ரெயினிங் கிடைச்சிருக்கு" என்றார்.

அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நீங்க என்ன சொல்றீங்க அக்கா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்தபடியே இருந்தார். பிறகு சொன்னார்:

"கடன் கேட்கத்தான் வந்தேன். ஆனா நீங்க எல்லாரும் சேர்ந்து முடியாதுன்னு சொல்லிட்டா நிம்மதியா இருக்கும்னு மனசு சொல்லுது. பக்கத்து டவுனுக்குப் போயிட்டு வர்ற பிள்ளைக்கே பொழுது சாஞ்சா ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். கடல் தாண்டி எப்படி அனுப்புவேன்?"

யாரும் சிரிக்கவில்லை. நம்மில் பெண் பிள்ளை பெற்ற எல்லோருடைய மனதிலும் இருந்ததைத்தான் அவர் சொன்னார். அன்றைக்கே இந்தப் பாடத்தை எழுதுவது என்று தீர்மானம் போட்டோம்.

பயம் தப்பில்லை

பயப்படுகிற தாயைப் பார்த்து, "உனக்கு உலகம் தெரியாது", "பொம்பளைப் புள்ளை முன்னேற விடமாட்டேங்குற" என்று சொல்வது சுலபம். கல்லூரியில் சொல்வார்கள், ஏஜென்ட் சொல்வார், சில நேரம் நம் பிள்ளையே சொல்லும். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம்.

"ஒண்ணும் ஆகாது, தைரியமா அனுப்புங்க" என்றும் வெறும் வாயால் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பி, நாமே பட்ட பாடு ஒன்று இருக்கிறது. அதை மறைக்காமல் முதலில் எழுதிவிடுகிறோம்.

நாம் செய்த தவறு

சில காலத்துக்கு முன் இன்னொரு குழு உறுப்பினரின் மகள் இதே மாதிரிப் பயிற்சிக்குப் போனாள். ஒரு ஏஜென்ட் மூலமாக ஏற்பாடு. 60,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். கூட்டத்தில் கைதட்டி, சால்வை போட்டு அனுப்பினோம். எந்த ஹோட்டல், என்ன விசா, எங்கே தங்குவாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் சரியாகக் கேட்டோம்.

அங்கே போன பிறகு ஹோட்டல் இல்லை, ஒரு சாப்பாட்டுக் கடைதான். பயிற்சி என்று எதுவும் இல்லை. காலையில் இருந்து இரவு வரை பாத்திரம் கழுவும் வேலை. "பத்திரமா வச்சுக்கறேன்" என்று சொல்லி பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிக்கொண்டார். சுற்றிப் பார்க்க வந்தவள் என்ற கணக்கில்தான் அவள் அந்த நாட்டுக்குள் போயிருந்தாள். "உள்ளே போன பிறகு பாஸ் போட்டுத் தருவோம்" என்று ஏஜென்ட் சொன்னது நடக்கவே இல்லை.

இதில் நம்மை அதிகம் சுட்டது வேறு ஒன்று. வாரா வாரம் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். வாரா வாரம் "நல்லா இருக்கேம்மா" என்றாள். மூன்று மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் வீடியோவில் பேசும்போது கை விரல்கள் வெந்து புண்ணாக இருப்பதை அம்மா பார்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

யாரைக் கூப்பிடுவது என்று நமக்குத் தெரியவில்லை. ஏஜென்ட் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடந்ததிலேயே நாலு நாள் போனது. பிறகு ஒரு ஆசிரியர் சொல்லி மத்திய அரசின் உதவி எண்ணுக்குப் பேசினோம். தூதரகம் வரை விஷயம் போய், பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. அனுமதி நாள் தாண்டி இருந்ததால் அபராதம் கட்டித்தான் வெளியே வர முடிந்தது. அந்தப் பணத்துக்கு அம்மா தோட்டை அடகு வைத்தார்.

திரும்பி வந்த பிள்ளையிடம், "ஏம்மா முதல்லயே சொல்லல?" என்று கேட்டோம். அவள் சொன்ன பதில்: "குழுவுல கடன் வாங்கி அனுப்புனீங்க. சால்வை எல்லாம் போட்டீங்க. திரும்பி வந்தா அம்மா எப்படித் தவணை கட்டும்? ஊர்ல என்ன பேசுவாங்க? ஆறு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கலாம்னு இருந்துட்டேன்."

சகோதரிகளே, அவள் வாயைக் கட்டிப் போட்டது அந்தக் கடை முதலாளி மட்டும் இல்லை. நாம் கொடுத்த கடனும், நாம் போட்ட சால்வையும் சேர்ந்துதான் கட்டிப் போட்டன. ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: பிள்ளைக்குப் பாதுகாப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, போகும் முன் நாம் கேட்டு வாங்கும் தாள். இன்னொன்று, "வேண்டாம்னு தோணுனா அன்னிக்கே கிளம்பி வா" என்று நாம் கொடுக்கும் வார்த்தை.

வெளிநாட்டுப் பயிற்சி என்பது என்ன?

ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் படிப்பின் ஒரு பகுதியாகவே சில மாதம் ஹோட்டலில் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். சமையல், பரிமாறுதல், அறை பராமரிப்பு, வரவேற்பு என்று ஒவ்வொரு பிரிவிலும் வேலை கற்பார்கள். சில கல்லூரிகள் இதை மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் போன்ற இடங்களில் ஏற்பாடு செய்கின்றன. நல்ல இடம் கிடைத்தால் உண்மையிலேயே பயன் உண்டு. மொழி பழகும், கை வேலை திருந்தும், அடுத்து வேலை தேடும்போது மதிப்பு கூடும்.

ஆனால் பயிற்சி கட்டாயம் என்றால் வெளிநாடு கட்டாயம் என்று அர்த்தம் இல்லை. சென்னையிலோ கோவையிலோ நல்ல ஹோட்டலில் செய்தாலும் அது பயிற்சிதான். "வெளிநாடு போகலன்னா சர்டிபிகேட் கிடையாது" என்று யாராவது சொன்னால், "அதை எழுத்துல கொடுங்க சார்" என்று கேளுங்கள்.

பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சியில் இருந்தும் சென்னையில் இருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. சுமார் நாலு மணி நேரம். அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். நமக்கு இரவு 8 மணி என்றால் அங்கே 10.30. இந்தக் கணக்கை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளை போனை எடுக்காத இரவில் "தூங்கியிருக்கும்" என்று புரிந்துகொள்ள உதவும்.

விசாவில்தான் முதல் கண்ணி

இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து 30 நாள் வரை தங்கலாம் என்று மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் சலுகை கொடுத்தது. இது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான சலுகை. இதை வைத்துத்தான் சில ஏஜென்ட்கள், "விசாவே வேண்டாம், டிக்கெட் போட்டா போதும்" என்கிறார்கள். சுற்றுலாவுக்குப் போகிறவர் அங்கே வேலையும் செய்யக் கூடாது, பயிற்சியும் எடுக்கக் கூடாது. செய்தால் சட்டப்படி தப்பு. மாட்டிக்கொள்வது நம் பிள்ளை, ஏஜென்ட் இல்லை.

படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு மலேசியாவில் 'புரொஃபஷனல் விசிட் பாஸ்' என்ற தனி அனுமதி இருக்கிறது. அது கையில் வந்த பிறகுதான் டிக்கெட். "போனதும் மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். வேறு நாடாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "இந்த அனுமதியில பயிற்சி எடுக்கலாம்னு எழுதியிருக்கா?"

அரசு பார்த்துக்கொள்ளுமே என்று இருந்துவிடலாமா?

1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. ஒப்பந்தத்தை அங்கே பார்ப்பார்கள்.

நம் பிள்ளைகளோ பத்தாவது, பன்னிரண்டாவது தேறி மேலே படிப்பவர்கள். பொதுவாக அவர்களுக்கு இந்த அனுமதி தேவைப்படாது. படித்தவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம் இது. அதே நேரம், அவர்கள் தாளைச் சரிபார்க்க நடுவில் ஒரு அதிகாரியும் இல்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். வங்கிக் கடன் மனுவில் பத்து இடத்தில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

கேட்டு வாங்க வேண்டிய பத்து விஷயங்கள்

கல்லூரிக்குத் தனியாகப் போகாதீர்கள். குழுவில் இருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். நோட்டில் கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் அங்கேயே எழுதுங்கள்.

1. பயிற்சிக் கடிதம். ஹோட்டலின் பெயர், முழு முகவரி, போன் எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது இருக்க வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், ஹோட்டலின் எண்ணை இணையத்தில் தனியாகத் தேடி எடுத்துப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது தெரியும்.

2. வேலை நேரம். மலேசியத் தொழிலாளர் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது அளவு. பயிற்சி மாணவர்களுக்கும் அது தானாகவே பொருந்திவிடும் என்று நினைக்க வேண்டாம். நாளுக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் லீவு என்று கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

3. உதவித்தொகை. மாதம் எவ்வளவு, யார் கொடுப்பார்கள், சாப்பாட்டுக்கும் அறைக்கும் அதில் பிடிப்பார்களா? "20,000 தருவாங்க" என்று வாயால் சொன்னது, பிடித்தம் போக 8,000 ஆன கதை நிறைய உண்டு.

4. தங்கும் இடம். ஒரு அறையில் எத்தனை பேர், பெண்கள் மட்டும்தானா, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, பொறுப்பாளர் பெண்ணா? அறையின் போட்டோ கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

5. இரவு வேலை. ஹோட்டல் என்றால் இரவு ஷிப்ட் இருக்கும். முடிந்ததும் அறைக்கு எப்படித் திரும்புவாள்? ஹோட்டல் வண்டியா, நடந்தா?

6. பொறுப்பான ஆள். கல்லூரியில் ஒருவர், ஹோட்டலில் ஒருவர். இருவர் பெயரும் எண்ணும். ராத்திரி கூப்பிட்டாலும் எடுக்கும் எண்ணாக இருக்க வேண்டும்.

7. அனுமதிப் பத்திரம். மேலே சொன்ன விசா அல்லது பாஸ். அதன் நகல்.

8. இன்சூரன்ஸ். காய்ச்சல், விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு இதில் எது சேரும்? பயிற்சி முடியும் நாள் வரை இருக்கிறதா? அங்கே ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவருக்கு ஆகும் செலவை நம்மால் தாங்க முடியாது.

9. கூடப் போகும் பிள்ளைகள். ஒரே ஹோட்டலில் குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து இருப்பது நல்லது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எண்களை வாங்கி வையுங்கள்.

10. போன வருடம் போனவர்கள். இது முக்கியம். அதே இடத்தில் முன்பு பயிற்சி எடுத்த இரண்டு மாணவிகளிடம், கல்லூரி ஆள் பக்கத்தில் இல்லாமல் பேசுங்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை குரலிலேயே தெரிந்துவிடும்.

பத்துக்கும் பதில் வந்தால் மனம் தானாகத் தெளியும். மூன்று நாலுக்குப் பதில் வரவில்லை என்றால் பொறுத்திருங்கள். கேள்வி கேட்டதற்கே கோபப்பட்டால் அந்த இடம் வேண்டாம்.

ஏஜென்ட் நடுவில் இருந்தால்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்கு அனுப்புவதற்காக வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசுக்கே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

சிலர், "நாங்க ஏஜென்ட் இல்ல, கல்வி ஆலோசகர்" என்பார்கள். பெயர் எதுவானாலும் பணத்தை வங்கி மூலமாகவே கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கையில் ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பையன்தானே, சமாளிச்சுக்குவான்" என்றும் விட்டுவிடாதீர்கள். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட இந்திய இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் முதலில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அவர்களும் படித்த பிள்ளைகள்தான்.

பாஸ்போர்ட் யாருடையது?

நம் பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. நம் பிள்ளை அதை வைத்திருக்கலாம். முதலாளி பிடுங்கி வைக்க முடியாது. மலேசியச் சட்டத்திலும் அடுத்தவர் பாஸ்போர்ட்டை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அனுமதிச் சீட்டுப் பதிய ஓரிரு நாள் வாங்கினால் சரி. அதற்கு மேல் வைத்துக்கொண்டால் அன்றைக்கே கல்லூரிக்குச் சொல்ல வேண்டும்.

கிளம்பும் முன் பாஸ்போர்ட், அனுமதி, டிக்கெட், பயிற்சிக் கடிதம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நாலு நகல் எடுங்கள். ஒன்று அம்மாவிடம், ஒன்று குழு ஃபைலில், ஒன்று கல்லூரியில், ஒன்று பிள்ளையின் பெட்டியில் தனியாக. முக்கியமான எண்களை ஒரு சின்ன நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். போன் தொலைந்தால் அதில் இருந்த எண்ணும் சேர்ந்து தொலையும்.

பிள்ளையிடம் பேச வேண்டியவை

இதை விமான நிலையத்தில் பேசாதீர்கள். ஒரு வாரம் முன்பே, சோறாக்கும்போதோ பூக் கட்டும்போதோ நிதானமாகப் பேசுங்கள்.

முதலாவது: யாராவது தப்பாகத் தொட்டால், தப்பாகப் பேசினால், அறைக்குக் கூப்பிட்டால் அது உன் குற்றம் இல்லை. மேலதிகாரி என்றாலும் சொல். "நீ ஏன் சிரிச்சுப் பேசுன?" என்று உன்னை ஒருக்காலும் கேட்க மாட்டேன். இந்தக் கடைசி வார்த்தையை அம்மா வாயால் சொல்ல வேண்டும். அப்பாவும் சொன்னால் இன்னும் நல்லது.

இரண்டாவது: யாருடைய பார்சலையும் வாங்காதே. "இதை ஊர்ல கொடுத்துடு" என்று தெரிந்தவர் சொன்னாலும் வேண்டாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப் பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை வரை உண்டு. பையில் என்ன இருந்தது தெரியாது என்றால் அங்கே சுலபமாக நம்பிவிட மாட்டார்கள்.

மூன்றாவது: ஒரு அடையாள வார்த்தை. பக்கத்தில் ஆள் இருக்கும்போது பிள்ளையால் வெளிப்படையாகப் பேச முடியாது. நம் அக்காவும் மகளும் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டார்கள். "சின்னப் பாட்டிக்குக் கால் வலி தேவலையா?" என்று மகள் கேட்டால், ஏதோ சரியில்லை என்று பொருள். அவர்கள் வீட்டில் சின்னப் பாட்டி என்று யாருமே இல்லை! இப்படி உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் சொல்லாதீர்கள்.

நாலாவது: வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் முகம் பார்த்துப் பேச வேண்டும். குரல் மறைப்பதை முகம் காட்டிக்கொடுக்கும். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்காமல், "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?", "உன் கூட அறையில யாரு?", "கையைக் காட்டு" என்று கேளுங்கள்.

போன் வரவில்லை என்றால்

பேச வேண்டிய நாளில் போன் வராவிட்டால் உடனே பதற வேண்டாம். ஷிப்ட் மாறியிருக்கலாம், சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். வரிசையாகச் செய்யுங்கள்.

அன்றைக்கே: கூடப் போன பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் பேசுங்கள்.

மறுநாள் காலை: கல்லூரிப் பொறுப்பாளர், பிறகு ஹோட்டல். எத்தனை மணிக்குப் பேசினோம், யார் என்ன சொன்னார் என்று நோட்டில் குறியுங்கள்.

அப்படியும் தகவல் இல்லை என்றாலோ, அடையாள வார்த்தை வந்துவிட்டாலோ கீழே உள்ள இடங்களுக்குப் போங்கள்.

மத்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா: 1800 11 3090. கட்டணம் இல்லை. இரவிலும் பேசலாம்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம்: 1800 309 3793. தமிழில் பேசலாம்.

'மதத்' இணையதளம். இந்தியில் 'உதவி' என்று பொருள். வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கியது. புகார் பதிந்தால் ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்து, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். வெளிநாடு போகும் மாணவர்கள் தங்கள் விவரத்தை முன்கூட்டியே பதிவு செய்யவும் இதில் வசதி உண்டு. போகும் முன்பே பதிந்துவிட்டால், அவசரம் வரும்போது பிள்ளை எங்கே என்று தூதரகம் தேட வேண்டியிருக்காது.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள். மனுவுடன் பாஸ்போர்ட் நகல் வையுங்கள்.

அந்த நாட்டில் இருக்கும் பிள்ளைக்கு: மலேசியாவில் போலீஸ், ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 999. கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை 'ஹை கமிஷன்' என்பார்கள். அதன் முகவரியும் எண்ணும் அவள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். கஷ்டத்தில் மாட்டிய இந்தியர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம், அவசர சிகிச்சை, ஊர் திரும்ப டிக்கெட் போன்ற உதவிக்காகத் தூதரகங்களில் 2009 முதல் ஒரு நல நிதி இருக்கிறது. தகுதி பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்றாலும், இருக்கிறது என்று தெரிந்திருப்பதே ஒரு பலம்.

குழு செய்ய வேண்டியது

கடன் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று இனி இருக்கக் கூடாது. கூட்டமைப்பில் மூன்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

முதலாவது, வெளிநாட்டுப் பயிற்சிக்குக் கடன் கேட்டால், பத்துக் கேள்விக்கும் பதில் எழுதிய தாள் வந்த பிறகே கடன். தடை போடுவதற்காக இல்லை. அந்தத் தாள்தான் பெற்றோருக்குத் தைரியம்.

இரண்டாவது, கடன் தொகையில் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை அம்மா பெயரில் வங்கியில் தனியாக வைக்க வேண்டும். பயிற்சி முடியும் வரை அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. பிள்ளைக்கும் அந்தப் பாஸ்புக்கைக் காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, பிள்ளை பாதியில் திரும்பி வந்தால், வந்த நாளில் இருந்து ஆறு மாதம் தவணை கேட்பதில்லை. ஏன் வந்தாய் என்று கூட்டத்தில் வைத்துக் கேட்பதும் இல்லை.

மூன்றாவது தீர்மானத்துக்கு எதிர்ப்பு வந்தது. "கடன்னா கடன்தான். இப்படி விட்டா குழு எப்படி நடக்கும்?" என்று ஒரு ஊக்குநர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது முன்பு சொன்ன பிள்ளையின் அம்மா எழுந்தார். "ஆறு மாசம் தள்ளிக் கட்டுனா குழு அழிஞ்சு போகாது. அன்னிக்கு இந்தத் தீர்மானம் இருந்திருந்தா எம் பொண்ணு முதல் வாரமே வாயைத் திறந்திருக்கும்" என்றார். பிறகு யாரும் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

இந்த முறை என்ன நடந்தது?

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா, இரண்டு உறுப்பினர்களோடு கல்லூரிக்குப் போனார். முதல் நாள் ஆறு கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. தங்கும் இடம், இரவு வண்டி, உதவித்தொகைப் பிடித்தம், இன்சூரன்ஸ் நாலுக்கும் பதில் இல்லை. "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கும்" என்றார்கள். "நல்லா இருக்கட்டும் சார், எழுதிக் கொடுங்க" என்றார் அக்கா. பன்னிரண்டு நாள் கழித்து எழுத்தில் வந்தது. இன்சூரன்ஸ் நாலு மாதத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். கேட்ட பிறகு ஆறு மாதமாக மாற்றினார்கள். அந்தக் கேள்வியால் கூடப் போன மற்றப் பிள்ளைகளுக்கும் மாறியது.

அனுமதி வந்த பிறகு டிக்கெட் போட்டார்கள். மகள் போய் இன்றோடு ஐந்து வாரம். சால்வை போடவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கருப்பட்டிக் காபி குடித்து, அந்தப் பாஸ்புக்கைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வந்தோம்.

போன வாரம் அக்காவிடம், "இப்ப பயம் போயிடுச்சா?" என்று கேட்டோம். "பயம் எங்க போகும்? பெத்தவளாச்சே. ஆனா முன்ன ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு இருப்பேன். இப்ப யாருக்குப் போன் பண்ணணும்னு தெரியும். அதனால தூக்கம் வருது" என்றார்.

நமக்கு அது போதும்.

குழுவில் கலந்து பேச

1. உங்கள் குழுவில் யாருடைய பிள்ளை வெளியூரிலோ வெளிநாட்டிலோ படிப்பு, பயிற்சி, வேலையில் இருக்கிறது? அவர்கள் முகவரியும் பொறுப்பாளர் எண்ணும் அம்மாவிடம் இருக்கிறதா?

2. பிள்ளை பாதியில் திரும்பி வந்தால் உங்கள் ஊரில் என்ன பேசுவார்கள்? அந்தப் பேச்சை நிறுத்த நாம் என்ன செய்யலாம்?

3. மூன்றாவது தீர்மானத்தை உங்கள் குழு ஏற்கிறதா? இல்லை என்றால் ஏன்? காரணத்தைத் தீர்மான நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

பத்துக் கேள்விகளையும் இரண்டு உதவி எண்களையும் ஒரு பெரிய தாளில் எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தின் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கடன் மனு வரும்போது அந்தத் தாள் அங்கேயே இருக்கட்டும்.